தலைவீட்டுச் சேரமங்கையும் பரணில் இருந்த பாத்திரங்களும்

மார்கழிச் சனிக்கிழமை ஒன்றின் விடியலில், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் நாங்கள் ஏறினோம். வழிநெடுகிலும் வயல்கள் பனிமூட்டத்துள் கிடந்தன. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. அம்மா சன்னலோரம் அமர்ந்து முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். மடியில் ஒரு கூடை. கூடைக்குள் புளிச்சோறு, ஒரு பித்தளைச் செம்பு. புட்டியில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தோம். செம்பு வரும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார்.

இப்பயணத்திற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா மறைந்து ஓராண்டு நிறைந்திருந்தது. ஊர் வீட்டில் அம்மா தனியே இருந்தார். தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைத் திருச்சிக்கு அழைத்து வந்துவிடுவதென்பது நமது முடிவு. நமது முடிவு என்று சொல்வதே பொருந்தும்; அம்மா அதற்கு இசைந்ததாகப் பதிவு ஏதுமில்லை. "பொண்ணு வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு..." என்று தொடங்குவார், முடிக்க மாட்டார். பரணில் இருந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பழைய பாத்திரக் கடையில் விலையும் கேட்டு வைத்திருந்தோம். அப்பேச்சு எழுந்த அன்று அம்மா மறுப்பேதும் சொல்லவில்லை. "தஞ்சாவூருக்கு எத்தனையோ தடவ போயிருக்கேன், கல்யாணம், ஆசுபத்திரின்னு. பெரிய கோயில ஒரு தடவ நிதானமாப் பாக்கணும்" என்றார். ஆகவே இரண்டு நாட்கள், ஒரு விடுதி அறை, அவசரமில்லாத நடை.

*

கேரளாந்தகன் வாயிலையும் இராசராசன் வாயிலையும் கடந்து உள்ளே காலடி வைத்தபோது தரை பனிக்கட்டி போலிருந்தது. நந்தியைப் பார்த்ததும் அம்மா கைகூப்பினார். இப்பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை என்றோம். அம்மன் திருமுன் பாண்டியர் காலத்தது, நுணுக்கமான முருகன் கோயில் மீண்டும் நாயக்கர் காலத்தது, பிள்ளையார் கோயில் மராட்டியர் திருப்பணி என்றும் சொல்லிக்கொண்டே போனோம். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மொதல்ல கட்டினவரு காலத்துல இந்த எடமெல்லாம் வெறும் முற்றமா?" என்றார். ஏறத்தாழ அப்படித்தான். இராசராசன் காலத்து வளாகத்தை மனத்தில் எழுப்பிப் பார்க்க வேண்டுமானால், நம் கண்முன் உள்ள பலவற்றை முதலில் அகற்றியாக வேண்டும். அம்மா அதை ஒரே கேள்வியில் செய்துவிட்டார்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை அம்மாவுக்கும் தெரியும். அதற்கு மறுமொழி சொல்ல மார்கழியைவிடச் சிறந்த மாதம் இல்லை. கதிரவன் தென்திசையில் தாழ்ந்து செல்லும் இம்மாதத்தில், உச்சிப்பொழுதிலும் அவன் வானில் 55 பாகைக்குச் சற்று மேலே மட்டுமே ஏறுகிறான். 216 அடி உயரம் எனப் பொதுவாகக் குறிக்கப்படும் விமானத்தின் நிழல் அப்போது வடக்கு முற்றத்தில் நீண்டு படுத்திருக்கும். சித்திரையிலும் ஆவணியிலும் கதிரவன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வரும் சில நாட்களில், நண்பகல் நிழல் அகன்ற அடித்தளத்திற்குள்ளேயே அடங்கிவிடும். கதை அந்த நாட்களில் பிறந்திருக்கக்கூடும். நாங்கள் வடக்கு முற்றத்து நிழலில் போய் அமர்ந்தோம். குளிருக்கு நிழல் ஒவ்வாது என்று அம்மா பின்னர் வெயிலுக்கு நகர்ந்தார். சிகரத்தின் நிழலும் மெல்ல நகர்ந்து அவரைத் தொடர்ந்தது.

*

இக்கோயிலை எடுப்பித்தவன் இராசராசன் என்று இன்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அப்படியன்று. தலபுராணம் வேறொரு சோழனின் நோய் தீர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1886இல் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற செருமானியர் ஊல்ச் இக்கல்வெட்டுகளைப் படித்த பின்னரே உண்மை துலங்கியது. 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதி பகுதி பகுதியாக வெளிவந்தது. வெங்கையா போன்ற நம்மவர் உழைப்பும் அதில் உண்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி சுவரில் இருந்தது. அதைப் படிக்கும் கண்தான் இடையில் அற்றுப்போயிருந்தது.

கல்லில் வெட்டச் சொன்ன ஆணையும் கல்லிலேயே இருக்கிறது. தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், தஞ்சை அரண்மனையின் திருமஞ்சனசாலையில் தானம் செய்தவாறு இருந்தபோது அரசன் வாய்மொழிந்தான்: தான் எடுப்பித்த கற்கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்தில் வெட்டுக என்று. மூலத்தில் அவன் 'நாம்' என்றே பேசுகிறான். வகுப்பில் இந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் நாம் மாணவர்களிடம் வரிசையைக் கவனிக்கச் சொல்வதுண்டு. தனக்கு அடுத்து அக்கன் குந்தவை. அவருக்குப் பின்னரே தேவியர். அதன் பின்னரே ஏனையோர்.

கையில் வைத்திருந்த நகல் தாள்களைப் பார்த்துப் பொருள் சொன்னோம். அம்மா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை.

"மொய் நோட்டுதானே!"

நாம் விழித்திருக்க வேண்டும். அவரே விளக்கினார். "விசேசம் நடத்துறவங்க என்ன செஞ்சாங்கன்னு மொதல்ல எழுதுவாங்க. அடுத்தது கூடப் பொறந்தவ மொறை. அப்புறம் வீட்டாளுங்க. அப்புறம்தான் ஊராரு. இதுல தெரியாதது என்ன இருக்கு?"

இருபது ஆண்டுகளாக இதைப் பாடம் நடத்துகிறோம். ஆவணம், அறக்கொடை, ஆட்சிமுறை என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். உடன்பிறந்தவள் முறை என்ற சொல் ஒருநாளும் நாவில் வந்ததில்லை. தாய்மாமன் சீரும் நாத்தனார் முறையும் இல்லாமல் எந்தச் சடங்கும் நடவாத வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு, கல்லில் வெட்டியதும் அது வேறொரு மொழியாகிவிட்டது போலும்.

அதன்பின் அம்மாவின் கேள்விகள் விரைந்தன. பொருள்களை எப்படி எழுதியிருக்கிறார்கள்? எடையோடு எழுதியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். நெல்லை அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். அளவும் எடையும் இறைவன் பெயரால் வழங்கின. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. குன்றிமணி எடைவரை கணக்கு போகிறது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று வகை பிரித்து எண்ணியிருக்கிறார்கள். கோத்த நூலையும் அரக்கையும் சேர்த்த எடையா என்பதும் உண்டு. கற்களில் குறை இருந்தால் அதுவும் மறைக்கப்படவில்லை.

"குத்தம் குறைய எழுதிட்டா நாளைக்கு யாரும் மாத்தி வைக்க முடியாது" என்றார் அம்மா. தணிக்கை முறையின் தத்துவம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லப்பட்டு நாம் கேட்டதில்லை.

விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளின் கணக்கில் மட்டும் அவருக்கு ஐயம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாவதும் மூப்பதும் கணக்கில் இல்லை. குட்டிகள் ஈடுசெய்யும் என்பது ஏற்பாடு. "ஏம்மா, நோய் விழுந்த வருசம் அந்த எடையரு என்ன பண்ணியிருப்பாரு?" என்றார். கல்வெட்டு நெய்யைப் பற்றிப் பேசுகிறது. இடையரின் துயரைப் பற்றிப் பேசவில்லை. அதேபோல், அரசன் கொடுத்த பொற்கலங்களில் ஒரு பகுதி, மலைநாட்டில் சேரனையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து வந்தது என்று கல்வெட்டே பெருமையுடன் சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொன்னோம். "அந்த வீட்டுப் பொம்பளைங்களும் எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாங்க, இன்னது போச்சுன்னு" என்றார் அம்மா. எழுதி வைத்திருந்தால் அது நம் கைக்கு வரவில்லை. வென்றவனின் வரவுப் பேரேடு மட்டுமே வந்திருக்கிறது.

*

வடக்குச் சுற்றுச்சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டு ஒன்றைப் பற்றிப் பேசாமல் அன்றைய பொழுது முடியாது. சுற்றுமாளிகையை அரசன் ஆணைப்படி எடுத்தவன் படைத்தலைவன் கிருட்டிணன் இராமனான மும்முடிசோழ பிரமராயன். இக்கோயிலில் பணிபுரிவதற்காகச் சோழ மண்டலத்தின் பல கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களை அக்கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பெயர் மட்டுமன்று, முகவரியும் உண்டு: எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் ஒரு பங்கு. பழையாறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று நாம் அறிந்த ஊர்கள் பல வருகின்றன. பெயர்களுக்கு முன்னெல்லாம் 'நக்கன்' என்ற அடை, நக்கன் சிவபெருமான்.

தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு. அவள் வந்த கோயில், திருவையாற்றில் அரசி உலோகமாதேவி எடுப்பித்த ஓலோகமாதேவீச்சரம்.

"எங்க ஊரா?" என்றார் அம்மா.

அம்மா பிறந்தது திருவையாற்றில். பதினெட்டு வயதில் மணமாகி மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்திற்கு வந்தார். வந்த நாள்முதல் அங்கே அவருக்குப் பெயர் 'ஐயாத்துக்காரி'. காவிரிப் பாசன ஊர்களில் இது வழக்கம்; வாழவந்த பெண்ணை அவள் பிறந்த ஊரால் அழைப்பார்கள். பூண்டிக்காரி, வல்லத்துக்காரி என்று ஒரு தெருவில் ஒரு மாவட்டமே குடியிருக்கும். வாக்காளர் பட்டியலும் குடும்ப அட்டையும் வேறு பெயர் சொல்லலாம். தெருவுக்கு அவர் ஐயாத்துக்காரிதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்த் தெருவொன்றில் நாற்பது கல் தொலைவிலிருந்தும் பத்துக் கல் தொலைவிலிருந்தும் வந்து சேர்ந்த பெண்கள் ஒருவரை ஒருவர் என்னவென்று அழைத்திருப்பார்கள் என்று அதுவரை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

தாளில் இருந்த பெயர்களை அம்மா படிக்கச் சொன்னார். படித்தோம். நக்கன் எடுத்தபாதம் என்ற பெயரில் நிறுத்தச் சொன்னார். தூக்கிய திருவடி. ஆடுகிறவளுக்கு ஆடுகிறவனின் காலையே பெயராக வைத்திருக்கிறார்கள். விமானத்தின் மேல்தளத்தில் சிவபெருமானே ஆடிக்காட்டும் கரணச் சிற்பங்கள் 81 இருப்பதையும், 108இல் எஞ்சிய 27க்கு உரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்பதையும் அப்போது சொன்னோம். அங்கே பொதுமக்கள் ஏற இயலாது. "எடுத்தபாதம் ஏறிப் பாத்திருப்பாளா?" என்றார். நமக்கு விடை தெரியாத கேள்விகளை அம்மா அன்று நிறையவே கேட்டார்.

அவற்றுள் ஒன்று நம்மை நெடுநேரம் பேசவிடாமல் செய்தது. "நானூறு பேரையும் வரச்சொன்னாரு, சரி. வீடு குடுத்தாரு, நெல்லு குடுத்தாரு. வர்றியான்னு கேட்டாரா?"

இக்கல்வெட்டைப் பற்றி எழுதப்பட்டவை பல. இப்பெண்கள் சமூகத்தில் மதிப்புடன் வாழ்ந்தனர் என்பார் உண்டு. சுரண்டலின் தொடக்கம் என்பார் உண்டு. பிற்காலத்தில் சீரழிந்து, 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தால் தடுக்கப்பட்ட பொட்டுக்கட்டும் முறையை அப்படியே பதினோராம் நூற்றாண்டின் மேல் ஏற்றிப் பார்ப்பது முறையன்று. இவர்கள் தம் பெயரில் வீடும் பங்கும் பெற்றவர்கள் என்பது கல்லில் உள்ள உண்மை. ஆயினும், வர விருப்பமா என்று கேட்டதற்குக் கல்லில் சான்றில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தை பிறந்ததும் திருச்சிக்கு என்று முடிவெடுத்த நாமும் அப்படிக் கேட்கவில்லை என்பது உறைத்தது. வீடு உண்டு, நெல் உண்டு, மருத்துவமனை அருகில் உண்டு என்று பட்டியலிட்டோமே தவிர, கேட்கவில்லை.

அக்கல்வெட்டின் பிற்பகுதியில் ஒரு விதி வருகிறது. பங்கு பெற்றவர்களில் எவரேனும் இறந்துபோனாலோ வேற்றூர் போனாலோ, அவருக்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும். அவர்கள் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து செய்விக்க வேண்டும். ஆடல் ஆசான்கள், குடைபிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் என்று அப்பட்டியல் தொடரும். எல்லோருக்கும் இவ்விதி உண்டு. அம்மா இதைக் கூர்ந்து கேட்டார்.

"அடுத்த மொறைன்னா, ஆடுறவளுக்கு அடுத்த மொறை யாரு? மகதானே?"

மகளாகவோ தங்கையாகவோ தங்கை மகளாகவோ இருந்திருக்கலாம் என்றோம்.

"அப்ப அந்தத் தெருவுல, மக பேருல இருக்குற வீட்டுலதான் வயசான ஆத்தா இருந்திருப்பா."

அவ்வளவுதான் சொன்னார். புளிச்சோற்றைப் பிரித்தார்.

*

மாலையில் மீண்டும் உள்ளே சென்றபோது குந்தவையைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் இக்கோயிலுக்கு அளித்த திருமேனிகளில் உமாபரமேசுவரியார் திருமேனிகள் உண்டு. அவற்றோடு, காஞ்சியின் பொன்மாளிகையில் மறைந்ததால் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்ட தம் தந்தை சுந்தரசோழருக்கும், தாய் வானவன்மாதேவிக்கும் திருமேனிகள் செய்தளித்தார். தஞ்சையில் தந்தையின் பெயரால் ஓர் ஆதுலர்சாலையும் நடத்த வழிசெய்தார். இன்று நாம் மருத்துவமனை என்பது அன்றைய ஆதுலர்சாலை. மறைந்த தந்தையின் பெயரில் உயிரோடிருப்பவர்களுக்கு மருந்து.

வானவன்மாதேவியின் முடிவு கொடியது. கணவரோடு அவர் தீப்பாய்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழ்கின்றன. அவர் பிறந்த மலையமான் குடியின் ஊரான திருக்கோவலூர்க் கல்வெட்டும், பால்குடி மாறாத பிள்ளையை விட்டுச் சென்றதாக அதைப் பாடிச் சிறப்பிக்கிறது. தாயைப் பாட்டுடைத் தலைவியாக்கிய அவ்விரண்டும் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மகள் ஒரு திருமேனி செய்து வைத்தார். அந்தத் திருமேனிக்கு அணிகலன் கொடுத்தார். அதைத் தம்பி தன் கோயிலின் கல்லில் வெட்டுவித்தான். எரிந்துபோன தாயை மகள் எப்படி மீண்டும் வீட்டுக்கு அழைத்தாள் என்பதாகவே நமக்கு அவ்வரிகள் இப்போது தோன்றுகின்றன. அம்மா கேட்டுவிட்டு நெடுநேரம் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கப்பா போனன்னிக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டணுமேன்னு எந்திரிச்சேன்" என்றார்.

*

ஞாயிறன்று அரண்மனை வளாகம். நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரிவாக்கிய கட்டடங்கள். கலைக்கூடத்தில் திருவெண்காட்டு இடபவாகனர் முன் நின்றோம். பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றி, காளையின் மேல் கையூன்றிச் சாய்ந்த கோலம். காளை கிடைக்கவில்லை, ஆகவே அந்தக் கை வெற்றுவெளியில் ஊன்றியிருக்கிறது. திருவெண்காட்டுக் கல்வெட்டுகளின்படி இறைவன் திருமேனி 1011ஐச் சேர்ந்தது; அருகில் நிற்கும் அம்மை ஓராண்டு கழித்து, 1012இல் வந்தவர். தஞ்சையில் சுவரெல்லாம் எழுத்தாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். "ஒரு வருசம் கழிச்சா பொண்ணழைப்பு?" என்று சிரித்தார் அம்மா. பின்பு அந்தக் கையைச் சுட்டி, "மாடு இல்லன்னாலும் அப்படியே நிக்கிறாரு பாரு" என்றார்.

இரண்டாம் சரபோசியின் பெயரோடு பிணைந்த சரசுவதி மகால் நூலகத்தையும் பார்த்தோம். பெரிய கோயிலிலேயே அம்மன்னர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 1803இல் போன்சுலே மரபின் வரலாற்றை மராட்டியில் மிக நீளமாக வெட்டுவித்தார்கள். அதுவும் ஓர் அரிய ஆவணம்தான். ஆனால் அது அரச மரபின் கதை. அதில் தென்சிறகும் தலைவீடும் இல்லை.

அரண்மனை முற்றத்தில் வெயில் காய்ந்தபடி, அம்மாவுக்கு இன்னொரு பட்டியலின் கதையைச் சொன்னோம். சரபோசியின் மகன் சிவாசி 1855இல் ஆண்வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அத்துடன் நில்லாமல் அரண்மனையின் தனிச்சொத்துக்கும் முத்திரை வைத்தது. அரசி காமாட்சிபாய் சாகேப் வழக்குத் தொடுத்தார், சென்னையில் வென்றார். கம்பெனி இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு எடுத்துச் சென்றது. 1859இல் தீர்ப்பு வந்தது: இது ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் செய்த செயல், நியாயமோ அநியாயமோ, நீதிமன்றம் இதில் தலையிட அதிகாரமில்லை. பின்னர் அரசே சொத்தைத் திருப்பித் தந்தது; உரிமை என்று தரவில்லை, சலுகை என்று தந்தது.

"வீட்டுச் சாமானுக்கு முத்திரையா? அண்டா குண்டாவுக்குமா?"

அரண்மனைச் சொத்தென்று எல்லாவற்றுக்கும்தான் என்றோம். அம்மா கூடையிலிருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் வெயிலில் தெரிந்தன. அது அவருடைய பெயரன்று. அவர் தாயின் பெயர். எத்தனை ஆண்டுகள் அச்செம்பில் நீர் குடித்திருப்போம், எழுத்தைப் படித்ததில்லை. படிக்கும் கண் அற்றுப்போவதற்கு எண்ணூறு ஆண்டுகள் தேவையில்லை. ஒரு தலைமுறை போதும்.

*

அன்றிரவு ஊர் திரும்பியதும் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கச் சொன்னவர் அம்மாதான். எடைக்குப் போடத்தானோ என்று தயங்கினோம். "நோட்டு எடு" என்றார்.

கூடத்தில் பாத்திரங்கள் வரிசையாயின. நெல் நிறுக்கும் பழைய தூக்குத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதினோம். முதலில் தாம் வாங்கியவை: முதல் போக நெல் விற்ற பணத்தில் எடுத்த வெண்கலப் பானை ஒன்று. அடுத்து நாத்தனார் கொடுத்தவை: குத்துவிளக்கு இரண்டு. பிறகு பிறந்த வீட்டில் கொடுத்தவை: அண்டா ஒன்று, தவலை இரண்டு, அடுக்கு ஐந்து, செம்பு ஒன்று. கடைசியில் ஊரார் கொடுத்தவை. பித்தளை எவ்வளவு, வெண்கலம் எவ்வளவு என்று தனித்தனியே. அடுக்கின் விளிம்பில் நசுங்கல் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதியபோது அம்மா நிறுத்தினார். "நசுங்கல்னு போடு. கீழ விழுந்தது நீ மூணாங் கிளாசு படிக்கும்போது. அதையும் போடு."

ஒரு பெயர் மறந்துபோயிற்று. கும்பா ஒன்றின் அடியில் எழுத்து தேய்ந்திருந்தது. மாவைப் பூசித் துடைத்துப் பார்த்தோம். கல்வெட்டு படிப்போர் செய்வதுபோல் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அம்மா கண்ணை மூடி அமர்ந்திருந்தார். தெருவை வீடு வீடாக மனத்துள் நடந்திருக்க வேண்டும். கீழைச் சிறகு, மேலைச் சிறகு என்று. நான்காம் வீட்டில் பெயர் கிடைத்தது. அந்த வீடு இப்போது இல்லை, அந்தம்மாளும் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டோம்.

எல்லாம் முடிந்தபின் முதல் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். தலைப்பு எழுதாமல் விட்டிருந்தோம். "மேலத்தெரு, தென்சிறகு, மூணாம் வீடு. திருவையாத்துலேருந்து வந்த..." என்று தொடங்கித் தம் பெயரை முழுமையாகச் சொன்னார். தெரு அழைக்கும் பெயரன்று. பெற்றவர் இட்ட பெயர்.

வருகிறீர்களா அம்மா என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டோம்.

அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. பாத்திரங்களை மீண்டும் அடுக்கத் தொடங்கினார். பெரியதற்குள் சிறியது, சிறியதற்குள் அதனினும் சிறியது. "அறுப்பு முடியட்டும். மாசியில வர்றேன். வீட்டப் பூட்ட வேணாம், பக்கத்து வீட்டுல சாவி இருக்கட்டும். நெனச்சா வந்து நெனச்சாப் போவேன்" என்றார். பிறகு பாத்திரங்களைப் பார்த்து, "இதுங்கள்ல பாதி என்னோட வரும். மீதி இங்க இருக்கும். எது எங்கன்னு அதையும் எழுதிடு" என்றார்.

எழுதினோம்.